விருதுப் பட்டியலோடு நாடாப் பட்டியலும் கேளுங்கள்

தேசிய விருதுகளைப் பரிந்துரைக்கும் குழுக்களுக்கும், இசைத்தட்டு நிறுவனங்களுக்கும், வானொலி ஆவணக் காப்பகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பியானோ கலைஞர் ஒருவருக்கு நாட்டின் உயரிய பட்டம் அறிவிக்கப்படும் நாளில் அவருடைய இசைத்தட்டுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தத் தட்டுகளுக்குத் தாயான மூலக் காந்த நாடாக்கள் இப்போது எந்த அறையில், எந்த நிலையில் இருக்கின்றன என்று மட்டும் அன்று யாரும் கேட்பதில்லை. பழைய ஒலிப்பதிவுகளைப் படியெடுப்பதும் பட்டியலிடுவதும் எங்கள் வேலை. அந்தக் கேள்வியை விருது நடைமுறைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பிரிட்டிஷ் பியானோ கலைஞர் மைரா ஹெஸ்ஸுக்கு 1941-ல் அந்நாட்டின் உயரிய 'டேம்' பட்டம் கிடைத்தது. போர்க்கால லண்டனில், நேஷனல் கேலரியில் அவர் முன்னின்று நடத்திய பகல் கச்சேரிகள் மட்டும் 1,698. ஒலிப்பதிவுக் கூடம் அவருக்கு ஒத்துவராத இடம். அதனால் அவருடைய கலையைத் தேடுபவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்த பதிவுகளோடு நிற்காமல், தப்பிப் பிழைத்த மேடைப் பதிவுகளையும் வானொலிப் பதிவுகளையும் நாட வேண்டியிருக்கிறது. ஹங்கேரியின் கொசுத் விருதை 1949, 1955, 1965 என மூன்று முறை பெற்றவர் பியானோ கலைஞர் அன்னி ஃபிஷர். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிப் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் பதிவு செய்தார். அவருக்குத் திருப்தி வரவில்லை. உயிரோடு இருந்தவரை வெளியிட விடவில்லை. 1995-ல் அவர் மறைந்த பிறகே அவை வெளியாயின. இடைப்பட்ட காலம் முழுக்க அந்த நாடாக்களை ஒரு காப்பறை பத்திரமாக வைத்திருந்ததால்தான் இன்று நாம் அவற்றைக் கேட்கிறோம். 2009-ல் 'டேம்' பட்டம் பெற்ற மிட்சுகோ உச்சிடா, மொத்சார்ட்டின் கான்செர்ட்டோக்களை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) இசை நடத்துநர் ஜெஃப்ரி டேட்டுடன் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் பிற்பாடு டெக்கா நிறுவனத்தின் கீழ் வந்தன. நிறுவனம் கைமாறும்போது நாடாப் பெட்டிகளும் இடம் மாறும். எங்கள் அனுபவத்தில் பெட்டி தொலைவதும், பெட்டிக்குள் இருக்கும் தாள் தொலைவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

எல்லா நாடாவையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. 1950களின் நாடாக்களில் பல அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் கொண்டவை. சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரியும். பாலியெஸ்டர் என்ற வேறு வகை பிளாஸ்டிக் என்றால் இருட்டாகவே இருக்கும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை உடனே மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வைத்து, முதல் வரிசையில் படியெடுக்க வேண்டும். 1970களின் நடுவிலிருந்து வந்த, முதுகுப்பூச்சு உள்ள பாலியெஸ்டர் நாடாக்களின் நோய் வேறு. காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. அப்படியே ஓட்டினால் இயந்திரம் கிறீச்சிடும், நாடாவைப் படிக்கும் ஒலித்தலையில் பழுப்புக் கசடு படியும். அந்தக் கசடு நாடாவிலிருந்து உரிந்த இசையேதான்.

இதற்குத் தற்காலிக மருந்து உண்டு. சுருளை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, வெப்பம் சீராக நிற்கும், விசிறி உள்ள உலர்பெட்டியில் ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். பாதியில் ஒருமுறை திருப்பி வைக்க வேண்டும். பிறகு குறைந்தது அதே அளவு நேரம் அறை வெப்பத்தில் ஆறவிட வேண்டும். அதன்பின் சில வாரங்களுக்கு நாடா ஒழுங்காக ஓடும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். சமையலறை அடுப்பு உதவாது, அதன் வெப்பம் ஏறி இறங்கும். அசிட்டேட் நாடாவை ஒருபோதும் இப்படிச் சூடாக்கக் கூடாது, சுருங்கி, நொறுங்கிப்போகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அந்த அரை நிமிடச் சோதனையைத் தவிர்த்ததால் அழிந்த நாடாவை யாராலும் மீட்க முடியாது.

1980களின் டிஜிட்டல் பதிவுகள் பாதுகாப்பானவை என்று நினைத்துக் காப்பகங்கள் அவற்றைக் கடைசி வரிசையில் வைக்கின்றன. எங்கள் கணிப்பு நேர்மாறானது. அக்காலத்து மூலங்களில் பெரும்பகுதி யு-மேட்டிக் வீடியோ கேசட்டுகளில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் பதிந்தவை. சாதாரண நாடா பழுதானால் ஒலி மங்கும், ஆனால் கேட்கும். டிஜிட்டல் நாடா பழுதானால் இயந்திரம் முதலில் பிழையைத் திருத்தும், பிறகு விட்டுப்போன இடத்தை ஊகித்து நிரப்பும், அதற்கும் மேல் போனால் மௌனமாகிவிடும். ஊகித்து நிரப்பிய இடம் காதுக்கு எளிதில் பிடிபடாது. எனவே படியெடுக்கும்போது பிழைக் கணக்கையும் ஒரு கோப்பாகச் சேமிக்காத பிரதியை நாங்கள் முழுமையான பிரதியாக ஏற்பதில்லை. இதை ஓட்டும் இயந்திரங்களும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன.

பியானோவுக்கு ஏன் தனி அக்கறை என்று கேட்கலாம். பாடகரின் குரலிலும் வயலினிலும் கமகமோ அசைவோ இருப்பதால் நாடாவின் வேகம் சற்று ஆடினாலும் அது மறைந்துவிடும். பியானோவின் சுரம் சுத்தியல் பட்ட கணத்திலிருந்து அசையாமல் நின்று தேயும். மெதுவான பகுதியில் நீண்டு ஒலிக்கும் ஒரே ஒரு சுரம் போதும், இயந்திரத்தின் குறையைக் காட்டிக்கொடுக்க. வேகம் 1 சதவீதம் தவறினால் சுருதி 17 சென்ட் நகரும்; அரைச்சுரம் என்பதே 100 சென்ட்தான். நிமிடத்துக்கு 80 சுற்றில் பதிந்த பழைய தட்டை 78-ல் ஓட்டினால் ஏறத்தாழ 44 சென்ட் இறங்கிவிடும். சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கப் பதிவிலேயே தடயம் கிடைப்பதுண்டு. மின்சார இரைச்சல் லேசாகப் பதிந்திருந்தால் அது ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அதை அளந்து வேகத்தைச் சரிசெய்யலாம். அந்த இரைச்சலை முதலிலேயே வடிகட்டிவிட்ட பிரதியில் தடயமும் போய்விடும்.

ஒலித்தலையின் கோணம் இம்மியளவு பிசகினாலும் மேல் அதிர்வெண்கள் மங்கி, சுத்தியலின் தொடக்க ஓசை பஞ்சில் பட்டதுபோல் ஆகிவிடும். ஐரோப்பிய முறையில் விநாடிக்கு 38 செ.மீ. வேகத்தில் பதிந்த நாடாவை அமெரிக்கச் சமன்பாட்டில் (மேல், கீழ் அதிர்வெண்களின் பலத்தைச் சமன்செய்யும் அமைப்பில்) ஓட்டினால் மேல் பகுதி 3 டெசிபெல் வரை கூடி, அடிப்பகுதி மெலியும். அதைக் கேட்டுவிட்டு 'இவர் தொடுகை கூர்மையானது' என்று விமர்சகர் எழுதினால் பழி கலைஞர்மேல் விழுகிறது. நாடாவின் தொடக்கத்தில் உள்ள, இயந்திரத்தைச் சரிசெய்ய உதவும் சோதனைச் சுரங்களை வெட்டி எறியாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான். நாடாவை வாசித்து முடித்த நிலையிலேயே, வால் (முடிவுப் பகுதி) வெளியே இருக்கும்படி வைப்பதும் முக்கியம். ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாகப் படியும். தலை (தொடக்கப் பகுதி) வெளியே இருந்தால், பலமான தொடக்கத்துக்கு முந்திய மௌனத்திலேயே அதன் சாயல் கேட்டுவிடும். வால் வெளியே இருந்தால் அது சுரத்துக்குப் பின்னால் விழுந்து, ஒலியின் தேய்வில் மறைந்துகொள்ளும்.

இரைச்சல் நீக்கத்தைப் பற்றி எங்கள் கருத்து கடுமையானது. கீறல் ஒலியை நீக்கும் மென்பொருள், சுத்தியலின் கூர்மையான தொடக்கத்தையும் கீறல் என்றே எண்ணி வழித்துவிடும். சீறலைக் குறைக்கும் மென்பொருள், சுரம் தேய்ந்து மறையும் கடைசிப் பகுதியையும், பெடல் விடும் மெல்லிய ஓசையையும், அரங்கின் மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிடும். பியானோ கலைஞரின் நுட்பமே பாதி அந்தத் தேய்வில் இருக்கிறது. ஆகவே முதல் பிரதி எந்தத் திருத்தமும் இல்லாமல் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் இருக்கட்டும். ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவுக்கு 2 கிகாபைட்டுக்குச் சற்று அதிகம்தான் ஆகும். இரண்டு ஊர்களிலாவது, மூன்று பிரதிகளாக, கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணோடு வையுங்கள். விற்பனைக்கான மெருகை வேறொரு பிரதியில் செய்துகொள்ளலாம்.

விருதுக் குழுவிடம் நாங்கள் கேட்பது இதுதான். கலைஞர் பட்டத்தை ஏற்றுக்கொண்டதும், அவருடைய பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வானொலி நிலையத்துக்கும் அதிகாரபூர்வமாக ஒரு கடிதம் அனுப்புங்கள். சுருள் எண், தேதி, அரங்கம், நாடாவின் வகை, வேகம், சமன்பாடு, பியானோவின் தயாரிப்பாளரும் வரிசை எண்ணும், சுருதி 440 ஹெர்ட்ஸா 442 ஹெர்ட்ஸா என்பது, கடைசியாக எப்போது ஓட்டினார்கள் என்பது வரை எழுதிய பட்டியல் வரட்டும். வெளியான தொகுப்பு நாடாவோடு நிற்காமல், வெட்டப்படாத அமர்வு நாடாக்களையும் தயாரிப்பாளரின் குறிப்பெழுதிய இசைத்தாளையும் கேளுங்கள். எந்த வாசிப்பின் எந்தத் துண்டு எங்கே ஒட்டப்பட்டது என்று சொல்வது அந்தத் தாள் மட்டுமே. ஒரே படைப்பைப் பலமுறை பதிவு செய்தவர்களின் விஷயத்தில் தேதி இல்லாத பெட்டி பெருங்குழப்பம்; ஸ்பானியப் பியானோ கலைஞர் அலிசியா தெ லரோச்சா பலமுறை பதிந்த, அல்பெனிஸின் 'இபேரியா' என்ற படைப்பு ஒன்றே போதும், இதைப் புரிந்துகொள்ள.

கலைஞர் நம்மோடு இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள். எதை வெளியிடலாம், எதை வெளியிடவே கூடாது, எதைத் தன் காலத்துக்குப் பிறகு வெளியிடலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் வெளியிடாதது வேறு, அழியவிடுவது வேறு. உரிமை விஷயத்திலும் அவருக்குத் துணை நில்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-ல் வந்த நெறிமுறைப்படி, வெளியாகி 50 ஆண்டு கடந்த பதிவை நிறுவனம் விற்பனைக்கு வைக்காமல் முடக்கியிருந்தால் கலைஞர் எழுத்தில் அறிவிக்கலாம். ஓராண்டுக்குள் வெளியிடாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வழி இருப்பதே பல மூத்த கலைஞர்களுக்குத் தெரியாது.

செலவு பெரிது என்று சொல்வீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யச் சொல்லவில்லை. முதலில் வினிகர் வாடை அடிப்பவை, அடுத்து டிஜிட்டல் கேசட்டுகள், பிறகு பிசுபிசுப்பவை, மற்றவை அதன் பின். பட்டியல் கைக்கு வந்தால் இந்த வரிசையை ஒரு வாரத்தில் போட்டுவிடலாம். அந்தப் பட்டியலுக்கான மாதிரிப் படிவத்தையும், படித்துப் பார்க்கும் உழைப்பையும் நாங்கள் கட்டணமின்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
பழைய பியானோப் பதிவுகளைப் படியெடுப்போரும் பட்டியலிடுவோரும்