போர்ட்டின் மறுமுனையில் என்ன இருக்கிறது?

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மட்டக்களப்பில் அந்த மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தின் நெட்வேர்க் வேலையை உன்னிடம் தந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். ஆடிவேலுக்கு நீ வருவாயா என்று அம்மா கேட்டபடி இருக்கிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரே ஸ்விட்சைப் பல தனித்தனி நெட்வேர்க்குகளாகப் பிரிப்பதுதான் வீலான் (VLAN), ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஸ்விட்சில் எந்தப் போர்ட்டை அக்சஸ் (ஒரே வீலானுக்கான வழி) ஆக்குவது, எதை ட்ரங்க் (பல வீலான்கள் சேர்ந்து போகும் வழி) ஆக்குவது என்று குழம்பாதே. வயரின் மறுமுனையில் இருக்கும் சாமானுக்கு டேக், அதாவது எந்த வீலான் என்று காட்டும் அடையாளம், விளங்குமா என்று பார், அவ்வளவுதான். வகுப்பறைக் கம்பியூட்டருக்கும் பிரிண்டருக்கும் பொதுவாக அது தேவையில்லை, அக்சஸ் போடு. உள்ளே வரும் பிரேமை (டேட்டாப் பொதியை) ஸ்விட்ச் அந்தப் போர்ட்டின் வீலானில் சேர்த்துக்கொள்ளும், வெளியே விடும்போது டேக்கைக் கழற்றிவிடும். இன்னொரு ஸ்விட்ச், ரவுட்டர், ஆசிரியருக்கு ஒன்று மாணவருக்கு ஒன்று என்று பல வைஃபை பெயர்கள் தரும் அக்சஸ் பொயின்ட் என்றால் ட்ரங்க். அங்கே 802.1கியூ என்ற பொது முறைப்படி பிரேமுக்குள் 4 பைட் டேக் ஒன்று செருகப்படும். வீலான் எண்ணுக்கு அதில் 12 பிட் இருப்பதால்தான் 1 முதல் 4094 வரை பாவிக்கலாம். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை.

ட்ரங்கில் நேட்டிவ் வீலான் மட்டும் வழக்கமாக டேக் இல்லாமல் போகும். அந்த நேட்டிவ் எண் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 99 என்று இருந்தால் ஒரு வீலானின் போக்குவரத்து மற்றதற்குள் கசியும். இரண்டு பக்கமும் பச்சை லைட் எரிந்துகொண்டே இருக்கும், அதனால் லைட்டைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. எதற்கும் பாவிக்காத ஒரு எண்ணை நேட்டிவாக இரு முனையிலும் வைத்துவிடு.

அப்புறம், சிஸ்கோவில் ஒன்றைக் கட்டாயம் கவனி. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் புதிய வீலான் 30ஐ ட்ரங்கில் சேர்க்கப் போன பெடியன் ‘அலவ்ட் வீலான் 30’ என்று அடித்துவிட்டான். நடுவில் ‘ஆட்’ (add, சேர்) என்ற சொல் இல்லை. ட்ரங்கில் அனுமதித்திருந்த வீலான்களின் பழைய பட்டியல் முழுவதும் போய் 30 மட்டும் மிஞ்சியது. அந்த மாடியில் போன், பிரிண்டர் எல்லாம் அப்படியே நின்றுபோயின. நல்ல கெட்டிக்காரப் பெடியன்தான், ஒரு சொல் விடுபட்டதால் வந்த வினை.

உனக்கு வந்திருப்பது ஹுவாவே ஸ்விட்ச் என்கிறாய். அதில் ஹைபிரிட் என்றும் ஒரு வகை உண்டு: சில வீலான்களை டேக்கோடும், ஒன்றுக்கு மேற்பட்டவற்றை டேக் இல்லாமலும் வெளியே விடலாம். ஐபி போனுக்குப் பின்னால் கம்பியூட்டர் கொழுவும் மேசைகளுக்கு இது நல்ல வசதி. ஆனால் வீலான் 20ஐ அன்டேக்டு (டேக் இல்லாமல் வெளியே விடு) என்று கொடுத்தால் போதாது, டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த வீலானில் சேர்ப்பது என்று சொல்லும் பிவிஐடியையும் (PVID) 20 ஆக்க வேண்டும். விட்டால் கம்பியூட்டருக்கு 20இலிருந்து வருவது வந்து சேரும். அது அனுப்புவதோ, பிவிஐடி வழமையான 1 ஆகவே இருப்பதால், வீலான் 1க்குள் போய்விழும். இந்த ஒருவழிப் பாதையைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தலையிடி.

வேலை தொடங்க முன் எந்தப் போர்ட்டில் என்ன கொழுவியிருக்கிறது என்று மாடி மாடியாக எழுதி எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுக் கோல் எடுக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்