235/85 டயர் கேட்டவனுக்கு 265/75 மாட்டி அனுப்பின உங்க கம்பெனிக்கு ஒரு புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். மேடமா இருந்தா வணக்கம் மேடம், யார் படிக்கிறீங்கன்னு எனக்கு தெரியாது, ஏன்னா உங்க கம்பெனில ஒரு தடவ பேசின ஆளு மறு தடவ லைன்ல வந்ததே இல்ல.

இன்னிக்கு காலைல உங்ககிட்டருந்து ஒரு மெசேஜ். "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்?" அத பாத்தப்புறம்தான் இந்த லெட்டர எழுத உக்காந்தேன். இன்னா தீந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க சார். வண்டி வீட்டு வாசல்ல நிக்குது, ஸ்டெப்னி உங்ககிட்ட இருக்கு, காசு உங்ககிட்ட இருக்கு.

நான் என் பிக்கப் வண்டிக்கு ஆர்டர் போட்டது 235/85 ஆர்16, அதாவது அகலம் 235 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்துல 85 சதவீதம், ரிம் 16 இன்ச்; மட் டெரெய்ன்னு சேத்துக்குன்னே செய்ற ரகம், அஞ்சு டயர். பில்லுல அப்படித்தான் இருக்கு, காப்பி இணைச்சிருக்கேன். உங்க பேஜ்லயே "லிப்ட் செய்த பிக்கப்களுக்கு" ன்னு, அதாவது கிட் போட்டு பாடிய ஒசத்தின வண்டிங்களுக்குன்னு, தனியா ஒரு பகுதி வச்சிருக்கீங்க, அதுலதான் இந்த சைஸ் இருந்துச்சு, வண்டி மாடல், ரெண்டு இன்ச் லிப்ட், ரிம் 16 இன்ச்சுக்கு 7 இன்ச் அகலம்னு எல்லாம் அடிச்சு பாத்தேன், பச்சை டிக் காட்டி "பொருந்தும்"னு சொன்னது உங்க கம்பெனி, நான் இல்ல. பில்லு எண்பதாயிரத்துக்கு மேல.

உயரமா ஒல்லியா ஏன் கேட்டேன்னு உங்களுக்கே தெரியும், டயர் விக்கிறவங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஆனா உங்க ஆளுங்களுக்கு தெரியலயே, அதனால எழுதறேன். நான் பழவேற்காடு ஏரி ஓரத்துல இறாலும் நண்டும் ஏத்தி காசிமேடு கொண்டாறவன். மெயின் ரோட்ட விட்டு எறங்கினா மழைக்காலத்துல முழங்கால் சேறு, ஆனா அடியில கெட்டி தரை இருக்கு. ஒல்லி டயர் அந்த சேத்த கிழிச்சுகிட்டு கீழ போய் கெட்டியில புடிக்கும், அகல டயர் மேலயே மெதந்து வழுக்கும். மணல்னா வேற கதை, அங்க அகலம் வேணும், காத்த எறக்கணும், அது எனக்கும் தெரியும். அப்புறம் லிப்ட் கிட் போட்டா பாடிதான் தூக்கும், பின்னாடி ஆக்சில் இருந்த எடத்துலயேதான் இருக்கும், ஆக்சில் நடுவுல தொங்கற அந்த டிஃபரென்ஷியல் கியர் குண்டு தரைல இடிக்காம இருக்கணும்னா டயர் உயரம் ஏறணும், வேற வழியே கிடையாது. பழைய டயர் 245/70 ஆர்16, அதவிட இது கிட்டத்தட்ட 57 மில்லிமீட்டர் உயரம், அதுல பாதி ஆக்சிலுக்கு கிடைக்கும். மீட்டர்ல 80 காட்டினா நெஜத்துல 86 ஓடும்னு கணக்கு வரைக்கும் போட்டு வச்சிட்டுதான் காச கட்டினேன்.

மாட்டி குடுத்தது 265/75 ஆர்16.

உங்க ஃபிட்டிங் சென்டர்ல நான் கவுன்டர்ல பணம் கட்டிட்டு வெளிய வரதுக்குள்ள மூணு சக்கரம் ஏத்தியாச்சு. இன்னாபா இது அகலமா இருக்கேன்னு கேட்டா "ஒரே ஹைட்டுதான் சார், ஸ்டாக் இல்ல, சிஸ்டத்துல மாத்து சைஸ் இதான் காட்டுது, வண்டிக்கு கெத்தா இருக்கும்"ங்கறான் அந்த பையன். ஹைட் ஒண்ணுதான், ஒத்துக்கறேன், ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அகலம் மூணு சென்டிமீட்டர் அதிகம்யா! கழட்டுன்னேன், கழட்டினா யூஸ்டு ஆயிடும், ரிட்டர்ன் வராது, ஆபீஸ்ல பேசிக்கோங்கன்னுட்டான். அவன திட்டி பிரயோஜனம் இல்ல, சின்ன பையன், சிஸ்டம் சொன்னத மாட்டறான்.

அன்னிக்கு சாயங்காலமே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல யு டர்ன் போடறேன், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா முன்சக்கரம் மட் ஃபிளாப்ப கடிச்சு உள்ள இருக்கிற பிளாஸ்டிக்க பிச்சு எடுத்துடுச்சு. வண்டி குறுக்க நிக்குது, ரெண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிங்க ஹாரன் அடிக்குதுங்க. அந்த ரோடு உங்க பெங்களூரு கால் சென்டர்காரங்களுக்கு தெரியாது, எங்க ஊரு ஆளுங்கள கேளுங்க, அங்க வண்டி நின்னா இன்னா நெலமைன்னு சொல்லுவாங்க. டயர்ல பொறிச்சிருக்கிற கடைசி நாலு நம்பர் இருக்கே, வாரமும் வருஷமும், அதுல நாலு டயரும் ஒரே வருஷம்கூட இல்ல, அத காலடிப்பேட்டை பஞ்சர் கடை அண்ணன்தான் டார்ச் அடிச்சு காட்டினாரு. அதையும் சேத்து குறிச்சுக்கோங்க.

சரி, இதெல்லாம்கூட போவட்டும். மாதவரம் குடோன் விஷயத்த மட்டும் நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்.

உங்க ஆபீஸ்லருந்து ஃபோன். "சார் உங்க சைஸ் வந்துடுச்சு, மாதவரம் குடோனுக்கு வண்டிய கொண்டாங்க, மாத்தி தரோம்." சந்தோஷமா போனேன் சார், லோடு எடுக்க வேண்டிய நாள், அத வேற ஒருத்தருக்கு விட்டு குடுத்துட்டு போனேன். மணலி ரோட்ல கன்டெய்னர் க்யூ, வெயில், உரசிக்கிட்டே ஓடற டயரு, திரும்பற எடத்துலலாம் கர் கர்னு சத்தம். போய் சேந்தா ஷட்டர் பாதி எறக்கி இருக்கு, சாப்பாட்டு நேரமாம். வெளிய நின்னேன். அப்புறம் ஒருத்தர் ஏப்பம் விட்டுக்கினே வந்து டயர உருட்டிக்கினு வந்து காட்டறாரு. பாத்தா 235/70 ஆர்16. எழுவது! நான் கழட்டி போட்ட பழைய கம்பெனி டயரவிட குட்டை. "235 தானே கேட்டீங்க, 235 தானே இருக்கு"ங்கறாரு. செருப்பு கடைல எட்டாம் நம்பர் கேட்டவனுக்கு எட்டு வயசு பையன் செருப்ப காட்டற கதைதான். அதோட நிக்கல சார், "இப்போதிக்கு முன்னாடி இத ரெண்டு போட்டுக்கோங்க, உரசாது, பின்னாடி பெரிசு இருக்கட்டும்"னு ஐடியா வேற. அது ஃபோர் பை ஃபோர் வண்டி. முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ் போட்டு சேத்துல ஃபோர் வீல் போட்டா முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்த பாத்து, ரெண்டுக்கும் சக்திய பிரிச்சு குடுக்கற கியர் பொட்டி, அந்த டிரான்ஸ்ஃபர் கேஸ், ஒடைஞ்சு கையில வரும். இது டயர் கம்பெனிக்கு தெரியாதா? தெரிஞ்சுகிட்டே சொன்னாரா?

அங்க நின்னுக்கினே கஸ்டமர் கேருக்கு அடிச்சேன். வந்தவர் பேர் சொல்லல, குரல் மட்டும் ஞாபகம் இருக்கு. நான் சைஸ் சொல்லி முடிக்கறதுக்குள்ள "சார் டயர் வட்டமாத்தானே இருக்கு, ஓடுதுல்ல"ன்னு சிரிக்கிறாரு. பக்கத்துல யாரோ கூட சேந்து சிரிக்கிற சத்தமும் கேட்டுச்சு. நான் கோவமானதும் டோன மாத்திட்டாரு, வண்டிய லிப்ட் பண்றதே சட்டப்படி தப்பாம், மோட்டார் வாகன சட்டம் 52ஆவது பிரிவாம், "நீங்க கம்ப்ளைன்ட் பண்ணா உங்களுக்குத்தான் பிரச்சினை"யாம். அண்ணாத்தே, லிப்ட் செய்த பிக்கப்புக்குன்னு போர்டு போட்டு விக்கும்போது அந்த 52 எங்க போச்சு? கார்டு தேய்க்கும்போது ஞாபகம் வரலையா? மிரட்டறதுக்கு மட்டும் சட்டம் வருதா? அந்த கால் ரெகார்டு ஆயிருக்கும், "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது"ன்னு நீங்கதான் சொல்றீங்க, போட்டு கேளுங்க.

மன்னிக்கணும், கொஞ்சம் சூடா எழுதிட்டேன். ஸ்டெப்னி விஷயம் மேலயே சொல்லியிருக்கணும். அஞ்சாவது டயர ரிம்ல மாட்டி பேலன்ஸ் பண்ணி தரோம்னு என் ஸ்டெப்னி ரிம்ம ஃபிட்டிங் சென்டர்லயே வாங்கி வச்சுகிட்டீங்க. அங்க கேட்டா குடோன்ல இருக்குங்கறாங்க, குடோன்ல கேட்டா சென்டர்ல இருக்குங்கறாங்க. ஸ்டெப்னி இல்லாம பொன்னேரி தாண்டி ராத்திரில போவ முடியாது. அதனால லோடு போச்சு, ஏரிக்கரைல எனக்கு எடுத்து வைக்கிறவங்க இப்ப வேற வண்டிக்கு ஏத்தறாங்க, காசிமேட்ல ஏலத்துக்கு எடுக்கிறவங்க ஃபோன எடுக்கறதில்ல, இத்தன வருஷமா சேத்த பேரு, மொத்த தொழிலுமே நாசமா போச்சுன்னு சொல்லலாம், லட்சக்கணக்குல நஷ்டம். அத எந்த கூப்பன் குடுத்து சரி கட்டுவீங்க? ஐநூறு ரூபா கூப்பன் அனுப்பியிருக்கீங்க, அடுத்த டயர் வாங்கினா கழிச்சுக்கலாமாம்.

நான் சண்டைக்கு வரல. கேக்கறது இதான்: பில்லுல இருக்கிற அதே 235/85 ஆர்16 அஞ்சும், ஒரே வருஷத்து டயரா, என் ஸ்டெப்னி ரிம்மோட, திருவொற்றியூர் வீட்டுக்கே வந்து மாட்டி குடுங்க. சக்கரத்துக்கு மேல பிஞ்சு போன அந்த பிளாஸ்டிக், ஃபெண்டர் லைனர், அதுக்கு காசு. முடியலைன்னா முழு பணமும் திருப்பி போடுங்க, கழட்டின யூஸ்டு டயர்ங்கற கதையெல்லாம் வேணாம், தப்பா மாட்டினது உங்க ஆளு.

இத படிச்சு ஒரு வாரத்துல பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சு பதிவு பண்ணிட்டு, நேரா சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போறேன். அஞ்சு லட்சம் வரைக்கும் கேஸ் போட ஃபீஸே கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல, எனக்கு நல்லாவே தெரியும், எங்க தெருவுல ஒருத்தர் ஃப்ரிட்ஜுக்கு போட்டு ஜெயிச்சிருக்காரு. பில்லு, டயர் பக்கவாட்டு ஃபோட்டோ, குடோன்ல 235/70 உருட்டின வீடியோ எல்லாம் இருக்கு.

ஃபோன் பண்றதா இருந்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பண்ணுங்க, காலைல நான் காசிமேட்ல இருப்பேன், சத்தத்துல கேக்காது. டயர் சைஸ்ல 85ன்னா இன்னான்னு தெரிஞ்ச ஆளா பாத்து பேச சொல்லுங்க. அந்த சிரிச்சவர் மட்டும் வேணாம்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்லருந்து உங்க வாடிக்கையாளர்