ஏழாவது அடுக்குக்காக அவசரப்படாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு தாய்லாந்தின் எராவன் அருவிக்குப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல மாதம். மழை ஓய்ந்திருக்கும், ஆனால் தண்ணீர் குறைந்திருக்காது, தெளிந்தும் இருக்கும். மார்ச், ஏப்ரலில் வரத்து இளைத்துவிடும். மழைக்காலத்தில் நீர் கலங்கும். வெள்ளம் வந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். டிசம்பர் 5, 10 இரண்டும் அங்கே பொது விடுமுறை. அந்த நாள்களையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடு.

"ஏழு அடுக்கையும் பார்த்துவிடுவோம்" என்கிறாயே, அதை மட்டும் மாற்றிக்கொள். ஆறு வயதுப் பிள்ளையும் முட்டி வலியுள்ள அம்மாவும் வரும்போது நான்கு அடுக்கு தாராளம்.

பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பப் பார்க்காதே. காஞ்சனபுரிக்கே இரண்டரை மணி நேரம் ஆகலாம். அங்கிருந்து அருவி உள்ள தேசியப் பூங்கா இன்னும் 65 கிலோமீட்டர். முந்தின இரவு காஞ்சனபுரியில் தங்கு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த சயாம் ரயில் பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அதற்கு ஒரு முழு நாள் தனியாக வை. அருவிக்குப் போகும் அவசரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வரும் இடமல்ல அது. ஊர்ப் பேருந்து நிலையத்தில் 8170 எண் பேருந்து காலை எட்டு மணிவாக்கில் கிளம்பும், ஒன்றரை மணி நேரப் பயணம். இறங்கியதும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடமே கேட்டுக்கொள்.

அருவியின் ஏழு அடுக்கும் காட்டுக்குள் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பரந்து கிடக்கின்றன. முதல் இரண்டு அடுக்குவரை பாதை அகலமாக, சமமாக இருக்கும். அம்மா மெதுவாக நடந்துவிடுவார். மூன்றுக்கு மேல் படிகளும் மர வேர்களும் வரும். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே நடை நீளம். ஐந்துக்கு மேல் செங்குத்து. ஈரக்காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற இடமில்லை. ஏழாவதில் உள்ள பாறை மூன்று தலை யானைபோல் தெரிவதால்தான் எராவன் என்ற பெயர். நம் ஐராவதம்தான் அது. பிள்ளைகளுக்குக் கீழே வைத்தே கதையைச் சொல்லிவிடலாம்.

பலரும் வந்தவுடன் முதல் குளத்தில் இறங்கி, களைத்து, மத்தியானத்துக்கு மேல் ஏறத் தொடங்குகிறார்கள். அதற்குள் மேல் அடுக்குகளை மூடும் நேரம் நெருங்கிவிடும். நீ மாற்றிச் செய். அம்மாவை இரண்டாவதில் நிழலில் உட்காரவைத்து, துணைக்கு உன் மனைவி இருக்கட்டும். நீ பிள்ளைகளோடு உலர்ந்த காலோடு நான்குவரை ஏறிவிட்டு, குளிப்பதை இறங்கும்போது வைத்துக்கொள். உடம்பு சோர்கிற நேரத்தில் பாதையும் எளிதாகிவிடும்.

இரண்டாவதைத் தாண்டிச் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். தண்ணீர்ப் புட்டிகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 20 பாட் வைப்புத்தொகை வாங்குவார்கள். திரும்பும்போது காலிப் புட்டியைக் காட்டினால் பணம் கிடைக்கும். சில்லறை வைத்துக்கொள். மேலே சாப்பாடு கொண்டுபோக முடியாததால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஏறு. குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை. குளிக்கும்போது பைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

குளிக்க மிகப் பொருத்தமானது இரண்டாவது. அதன் பெயர் வாங் மச்சா. வாங் என்றால் மடு, மச்சா நம் மச்சம்தான். பெயருக்கேற்ப கெண்டை இனத்து மீன்கள் திரளாக வந்து காலைக் கொத்தும். வலிக்காது, ஆனால் பெரிய மீனைப் பார்த்துச் சின்னவள் அலறலாம். காலை ஆட்டிக்கொண்டே இருந்தால் நெருங்காது; அசையாமல் நின்றால்தான் மொய்க்கும். நீந்துவோர் மிதவைச் சட்டை போட்டாகவேண்டும், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சின்னவளுக்கு அளவான சட்டை இல்லாமல் போகலாம். தொளதொளத்த சட்டை தண்ணீரில் மேலேறி முகத்தை மூடும். நம் வீட்டிலிருந்தே ஒன்று எடுத்துப்போ.

நான்காவதில் வழுவழுப்பான உருண்டைப் பாறைகள் உண்டு. பெரிய பிள்ளைகள் சறுக்குவதைப் பார்த்து நம் வீட்டாரும் கேட்பார்கள். சின்னவளை விடாதே. மூத்தவன் சறுக்குவதென்றால் காவலர் அனுமதிக்க வேண்டும், நீ முதலில் கீழே இறங்கி ஆழம் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று கட்டாயம் சொல்லிக்கொடு. அந்த மலை சுண்ணாம்புக்கல். நிலத்தடியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் நீர், பாறையில் விழுந்து சிதறும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு இலை, வேர், கல் எல்லாவற்றிலும் படிகிறது. குளங்களைத் தேக்கி நிற்கும் வரப்புகள் அப்படி மெல்ல மெல்ல வளர்ந்தவை. அவற்றின் மேல் ஓடினால் விளிம்பு உடையும், உடைந்தால் சீக்கிரம் வளராது. வரப்புக்கு உட்புறம் சட்டென்று ஆழமாகவும் இருக்கும். சொரசொரப்பான வெளிர்நிறச் சுண்ணாம்புப் பாறை காலைப் பிடித்துக்கொள்ளும். பாசி படர்ந்த இடம்தான் வழுக்கும். பின்வார் உள்ள செருப்போடு, தண்ணீரிலும் கழற்றாமல் நடக்கச் சொல்.

டிசம்பரில் நீர் குளிரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கரையேற்றித் துவட்டு. உதடு நீலம் பாய்ந்தால் அன்றைக்குக் குளியல் போதும். ஈரத்துணியோடு பேருந்தில் ஏற்றாதே, ஆளுக்கு ஒரு மாற்றுடை அம்மாவின் பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்