கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ஒரு வரி

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாநில மனநல ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போதைக்கு அடிமையாக்கும் வலி மருந்துகள் எனக்கு வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே எழுதிக் கொடுக்க ஒரு படிவம் வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். என் தம்பி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை செய்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

தம்பி இரண்டு வருஷம் மாத்திரைக்கு அடிமையாக இருந்தவன். எங்கள் பக்கத்தில் "மாத்திரை போடுறான்" என்றாலே எதைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் புரியும். டேபென்டடால் என்ற வலி நிவாரணி. வடசென்னையில் பையன்கள் அதைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். "போதை மாத்திரை பறிமுதல்" என்று பேப்பரில் அடிக்கடி வருகிறதே, அது பெரும்பாலும் இதுதான். தம்பிக்கு முதுகுவலியில் தொடங்கியது. ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போய், கூட வேலை செய்தவன் கொடுத்த ஒரே ஒரு மாத்திரை. அதிலிருந்து அவன் மீண்டு, வேலைக்குப் போய், சீட்டு கட்டி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்துவைத்து, 14 மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் கால் உடைந்தது. விடியற்காலையில் ஈரப் பலகை வழுக்கி ஐஸ் பார் காலில் விழுந்துவிட்டது. கூட இருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி, பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கிருந்த டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சார், நான் மாத்திரை போட்டுட்டிருந்தவன். விட்டுட்டேன். அந்த மாதிரி மருந்து மட்டும் வேணாம் சார்." டாக்டர் சின்ன வயசு. முகம் சுளிக்கவில்லை, பொறுமையாகக் கேட்டார். பாராசிட்டமால் டிரிப் போடுகிறேன், கட்டுப் போட்டதும் வலி குறையும் என்றார். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தம்பி சொன்னது அவர் காதோடு நின்றுவிட்டது. எதிலும் எழுதப்படவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ராத்திரி வலி ஏறியிருக்கிறது. நைட் டியூட்டி டாக்டர் சார்ட்டைப் பார்த்து, எலும்பு முறிவுக்கு வழக்கமாக எழுதுவதை எழுதினார். நர்ஸ் வந்து டிரமடால் ஊசியை டிரிப்பில் ஏற்றிவிட்டுப் போனார். துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்த நான் காலையில் திரும்பியபோது தம்பி அமைதியாகப் படுத்திருந்தான். "அக்கா, அத்தயே போட்டுட்டாங்கக்கா" என்றான். அழவில்லை. அந்த முகத்தை இரண்டு வருஷம் பார்த்தவள் நான். வலியில் துடித்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் டிரமடால் 50 மில்லிகிராம், காலை, இரவு, ஐந்து நாள் என்று இருந்தது. நான் அதைப் படித்தேன். டேபென்டடால் என்ற பெயரைத்தான் தேடினேன், இல்லை என்று நிம்மதியானேன். டிரமடாலும் அதே ஓபியாய்டு வகை, அபின் செய்கிற வேலையையே மூளையில் செய்கிற மருந்து என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. மருந்துக் கடையில் காசு கொடுத்து நானே வாங்கி வந்தேன். பத்து மாத்திரையும் ஒன்றரை நாளில் தீர்ந்தது. அப்புறம் கட்டுப் போட்ட காலோடு பழைய கூட்டாளிகளைத் தேடிப் போனான். திரும்ப அவனை மீட்க நான்கு மாதம் ஆனது. இன்றைக்கு அவன் நன்றாக இருக்கிறான்.

இதில் உயிருக்கே ஆபத்து இருந்தது என்பதைப் பிறகுதான் மனநல டாக்டர் விளக்கினார். பல மாதம் விட்டவனுடைய உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு போட்ட அதே அளவை மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்படி ஒரு பெண் 2016இல் இறந்துபோனார். போதையிலிருந்து மீண்டவர் என்று மருத்துவமனைக்குச் சொல்லியிருந்தார்கள். டிஸ்சார்ஜ் செய்த டாக்டருக்கு அது தெரியவில்லை, ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். நோயாளி சம்மதித்தால் இந்த விவரம் மருத்துவப் பதிவில் கண்ணில் படும்படி இருப்பதற்கு வழிமுறைகள் வகுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணின் பெயராலேயே 2018இல் அமெரிக்க மத்திய அரசின் சட்டம் வந்தது. அதற்கு முன்பே 2016இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இன்னொன்றைச் செய்திருந்தது. எனக்கு ஓபியாய்டு மருந்து வேண்டாம் என்று யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தரலாம், அதை மருத்துவப் பதிவில் சேர்க்க வேண்டும், மனசு மாறினால் வாயால் சொல்லியே ரத்து செய்துகொள்ளலாம். பென்சில்வேனியாவும் அதே ஆண்டு இப்படி ஒரு சட்டம் போட்டது.

நம் நாட்டில் இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. சமீரா கோலி வழக்கில் 2008இலேயே உச்ச நீதிமன்றம், நோயாளிக்கு விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் சிகிச்சை செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அன்றும் தம்பிக்கு இருந்தது. ஆனால் அந்தச் சம்மதத்தை எப்போது கேட்கிறார்கள்? எலும்பு முறிந்து நடுராத்திரியில் கிடப்பவனிடம் கேட்டால் எதையாவது போட்டுத் தொலையுங்கள் என்றுதான் சொல்வான். தெளிவாக இருக்கும் காலையில் அவன் எடுத்த முடிவை, தெளிவில்லாத ராத்திரியில் யார் காப்பாற்றுவது?

அதனால்தான் முன்கூட்டியே எழுதுவது முக்கியம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று வயதுவந்த எவரும் எழுதிவைக்கலாம் என்கிறது. அதே சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்தில், குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பிரச்சினைகளும் அடங்கும். சரி, அப்படியென்றால் தம்பி எழுதிவைக்கலாமே என்றால், அது மனநோய்க்கான சிகிச்சைக்கு மட்டும். அவன் படுத்திருந்தது எலும்பு வார்டில். இன்னொரு பக்கம், கடைசிக் கட்டத்தில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும், 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து 2023இல் எளிமையாக்கிய உயில் போன்ற ஆவணம் இருக்கிறது. அது பிழைக்க வழியில்லாத நிலைக்கானது. இந்த இரண்டுக்கும் நடுவில் கால் உடைந்தவன், பல் பிடுங்குபவன், பிரசவத்துக்குப் போகிறவள், கன்டெய்னர் லாரியில் கை மாட்டியவன் எல்லாரும் இருக்கிறார்கள். வடசென்னை உடம்பு உழைக்கிற ஊர். ஸ்டான்லியின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது, அந்த அளவுக்கு இங்கே கைகள் அடிபடுகின்றன. அடிபடாமல் ஒருவன் வாழ்ந்து முடிப்பான் என்று நம்பி, அவன் மீண்டுவந்த வாழ்க்கையை அப்படியே விட முடியாது.

நாங்கள் கேட்பது ஒரு படிவம். என் அம்மாவுக்கு சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் அதை எழுதிவிடுகிறார்கள். ஷிப்ட் மாறினாலும் டாக்டர் மாறினாலும் அந்த வரி கண்ணில் படுகிறது. அதேபோல ஒரு வரி, அதே இடத்தில், அதே மையில் வேண்டும். ஓபி சீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டுவரை அது கூடவே வர வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு ஓர் அரசாணை போட்டு இதைத் தொடங்கலாம். தனியார் மருத்துவமனைகளும் உங்கள் பதிவின் கீழ்தான் இயங்குகின்றன, அவர்களையும் கட்டுப்படுத்த வேண்டும். படிவத்தில் மருந்துகளின் பெயரைத் தமிழில் அச்சிடுங்கள். டிரமடால், டேபென்டடால், மார்பின், ஃபென்டனில், இருமல் மருந்தில் கலக்கும் கோடீன்வரை எல்லாம் வரட்டும். இன்னொரு அக்கா தவறான பெயரைத் தேடி நிம்மதியாகக் கூடாது.

காரணம் கேட்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் தெருவில் போலீஸ் வந்தாலே பையன்கள் ஓடுகிறார்கள். இந்தத் தாள் "இவன் போதைக்காரன்" என்ற பட்டமாக மாறினால் ஒருவனும் கையெழுத்துப் போடமாட்டான். மாத்திரையைத் தொட்டே பார்க்காதவர்களும் போடலாம் என்று இருக்க வேண்டும். மருத்துவரைத் தவிர வேறு யார் கைக்கும் அது போகக் கூடாது. போதைப் பழக்கத்தை விடுவதற்குச் சிகிச்சையாகவே தரப்படும் புப்ரநார்ஃபின் மருந்தை இது தடுக்கக் கூடாது. உயிருக்குப் போராடும் அவசரத்தில் டாக்டர் கையைக் கட்டவும் கூடாது. மனநலச் சட்டத்தின் முன்கூட்டிய ஆவணமும் அவசர சிகிச்சைக்குப் பொருந்தாது, அந்த விதியையே இங்கேயும் வைக்கலாம்.

வலிக்கு மருந்தே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பெரியப்பா புற்றுநோயில் கடைசி மூன்று மாதம் மார்பின் மாத்திரையால்தான் தூங்கினார். அந்த மாத்திரை ஏழைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் 2014இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். அதில் ஒரு மாத்திரைகூட இந்தப் படிவத்தால் குறையக் கூடாது. வேண்டாம் என்று எழுதியவனுக்கும் வேறு வழி தரும் கடமை டாக்டருக்கு உண்டு. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், அந்த இடத்து நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி என்று எத்தனையோ இருக்கின்றன. "வேணாம்னு நீதானே எழுதின, படு" என்று விட்டுவிடுவதற்கு இது சாக்காகக் கூடாது.

போன மாதம் தம்பி நோட்டில் ஒரு பக்கம் கிழித்து, தானே எழுதினான். மேலே சொன்ன மருந்துப் பெயர்களை என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினான். எழுத்துப்பிழை இருக்கிறது. கீழே அவன் கையெழுத்து, சாட்சிக்கு நானும் அம்மாவும். ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் அதையும் மடித்து வைத்திருக்கிறான். வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். அந்தத் தாளுக்கு இன்றைக்கு எந்த மருத்துவமனையும் கட்டுப்பட வேண்டியதில்லை. அதன் நகலை இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். மாதிரிப் படிவம் தயாரிக்கும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பியின் அக்கா,
தண்டையார்பேட்டை