நான்காவது கடிதம்: இதய வால்வு கிளிப் சிகிச்சைக்கான கிளெய்ம் மறுப்பு

பெறுநர்
மேலாளர், கிளெய்ம் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் மூன்று கடிதத்துக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று குறுஞ்செய்தி வந்ததோடு சரி.

அப்பாவுக்கு 71 வயது. மாரடைப்பில் பிழைத்தார். ஆனால் இதயம் விரிந்துபோய், மிட்ரல் வால்வின் இரண்டு இதழும் சேராமல் ரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. படுத்தால் மூச்சு முட்டும்; மூன்று தலையணையில் சாய்ந்தபடியேதான் தூங்கினார். நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார் என்று பெங்களூரு டாக்டர்கள், தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு இதழ்களைக் கிளிப் போட்டுச் சேர்த்தார்கள்.

இதைத்தான் "சோதனை நிலைச் சிகிச்சை" என்று தள்ளிவிட்டீர்கள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் கிளிப்புக்கு 2013-லேயே அனுமதி தந்தது. இதயம் பலவீனமானதால் வரும் கசிவுக்கும் 2019 மார்ச்சில் அனுமதித்தது. எங்களுக்கே தெரிகிறது, பாலிசி விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி உங்கள் சேலம் கிளைக்கு ஐந்து முறை வந்தாயிற்று. கடைசி முறை, கையெழுத்து நேரில் வேண்டும் என்றதால் அப்பாவையும் அழைத்து வந்தேன். இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டு கவுண்டரில் இருந்தவர் கேட்டார்: "நெஞ்சையே அறுக்கலையே சார், காலுல ஓட்டை போட்டதுக்கா இவ்வளவு பணம்?" அப்பா ஒன்றும் பேசவில்லை. மேல் பட்டனைக் கழற்றி, தழும்பில்லாத நெஞ்சைத் தடவிக்கொண்டார். கையெழுத்தும் வாங்கவில்லை, "அடுத்த வாரம் வாங்க" என்றார். அந்த ஆள் இன்னும் அதே சீட்டில்தான் இருக்கிறாரா?

இன்னொன்று. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டக் கேட்பதற்கு, ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட விதி. நீங்கள் இரண்டு நாள் எடுத்து, முடியாது என்றீர்கள். மாந்தோப்பை விற்றுக் கட்டினோம். ஒன்பது வருஷம் ஒரு தவணை தவறாமல் பிரீமியம் கட்டிய குடும்பம் இன்று நடுத்தெருவில் நிற்கிறது.

தயவுசெய்து பாலிசித் தொகை 10 லட்சத்தை வழங்குங்கள். இல்லாவிட்டால் 30 நாள் முடிந்த மறுநாளே சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவேன், நுகர்வோர் நீதிமன்றமும் ஏறுவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் ஐயா.

எக்கோ (இதய ஸ்கேன்) பதிவான சிடியின் அசலை இரண்டு முறை உங்கள் கிளையில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். மூன்றாவது முறை கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மகன்,
தர்மபுரி