24 லிட்டர் பிரஷர் டேங்கில் பிளாடர் (உள்ளே இருக்கும் ரப்பர் பை) கிழிந்த புகார்: நான்காவது கடிதம்

அனுப்புநர்:
செயலாளர், குடியிருப்போர் சங்கம்,
காந்தி நகர், காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பிரஷர் பம்ப் செட் நிமிடத்துக்கு முப்பது தடவை ஆன், ஆஃப் ஆவது, நான்கு முறை புகார் செய்தும் சரிசெய்யாதது.

ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பின் மேல்மாடி இரண்டு வீடுகளுக்காகக் கடந்த ஜனவரியில் தங்கள் நிறுவனத்தின் முக்கால் எச்.பி. பம்ப் செட்டை வாங்கினோம். படுக்கைவாட்டில் வைக்கும் 24 லிட்டர் டேங்க், பிரஷரைப் பொறுத்து மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் பிரஷர் சுவிட்ச், பிரஷரைக் காட்டும் கேஜ் எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய். மொட்டை மாடித் தொட்டிக்கும் அந்த வீடுகளின் ஷவருக்கும் மூன்று மீட்டர்தான் உயர வித்தியாசம். பம்ப் இல்லாமல் அங்கே சுமார் 4 பி.எஸ்.ஐ. (பிரஷரின் அளவு) தான் கிடைக்கும். இது தங்களுக்குத் தெரியாததல்ல.

மார்ச் மாதத்திலிருந்து, குழாயைத் திறந்தாலே மோட்டார் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஆன் ஆகி ஆஃப் ஆகிறது. கேஜ் முள் 20-க்கும் 40-க்கும் நடுவே துடிக்கிறது. பைப்பெல்லாம் டக் டக்கென்று அடிக்கிறது. முதலில் வந்த தங்கள் ஆள் பிரஷர் சுவிட்சை மாற்றி, அதற்கு வாரண்டி கிடையாது என்று 1,450 ரூபாய் வாங்கிப் போனார். ஒன்பதாவது நாள் புது சுவிட்சின் பாயின்ட்டும் கருகியது. அடுத்து வந்தவர் கெப்பாசிட்டரை மாற்றினார், 350 ரூபாய். மூன்றாவதாக வந்தவர் என்.ஆர்.வி.யை, அதாவது தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வை, மாற்றினார். மூன்று பேரில் ஒருவர்கூட டேங்கின் பின்பக்கம் இருக்கும் காற்று வால்வின் மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை. நோய் இருக்கும் இடம் அதுதான்.

நாங்கள் பார்த்தோம். மோட்டாரை நிறுத்தி, குழாயைத் திறந்து கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகு, சைக்கிள் ட்யூபில் இருப்பது போன்ற அந்த வால்வின் ஊசியை அழுத்தினோம். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தது. தண்ணீரை உள்ளே வைத்து, சுற்றியுள்ள காற்றிலிருந்து பிரிக்கும் ரப்பர் பிளாடர் கிழிந்துவிட்டது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. 20-ல் ஆன், 40-ல் ஆஃப் என்ற செட்டிங்குக்கு டேங்கில் 18 பி.எஸ்.ஐ. காற்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மோட்டார் ஓடாமலே சுமார் 8 லிட்டர், அதாவது அரை வாளி தண்ணீர் வரும். இப்போது டேங்க் முழுக்கத் தண்ணீர்தான். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. அதனால் ஒரு மக் பிடிப்பதற்குள் மோட்டார் இரண்டு மூன்று தடவை ஆன் ஆகிறது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வழக்கமான கரன்டைப் போலப் பல மடங்கு இழுக்கிறது. சுவிட்ச் பாயின்ட் கருகாமல் என்ன செய்யும்? காரணத்தை விட்டுவிட்டுக் கருகியதை மட்டும் மாற்றிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள்.

மே 27-ஆம் தேதி இதை அப்படியே தங்கள் உதவி எண்ணில் சொன்னபோது கிடைத்த பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "சார், நீங்க என்ன இன்ஜினியரா? கேஜ் கீஜுனு பேசாதீங்க. உங்க வீட்டு லைன்ல லீக், செவுத்த உடைச்சுப் பாருங்க. கம்ப்ளெயின்ட் குளோஸ் பண்ணியாச்சு." சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துவிட்டார். பாத்ரூம் டைல்ஸை உடைக்கச் சொல்கிறவர், லீக் இருக்கிறதா என்று பார்க்கும் வழியை ஒருமுறையாவது கேட்டாரா? டேங்குக்கு அடுத்துள்ள கேட் வால்வை மூடி 20 நிமிடம் பார்த்தோம். முள் 40-லேயே நின்றது, ஆகவே என்.ஆர்.வி. நல்ல நிலையில் இருக்கிறது. பிறகு வால்வைத் திறந்து, வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடி இன்னொரு 20 நிமிடம். அப்போதும் இறங்கவில்லை. காற்றில்லாத டேங்கில் சொட்டு ஒழுகினாலும் முள் உடனே விழுந்துவிடும். விழவில்லை. லைனில் லீக் இல்லை.

உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று ஜூன் மாதம் வந்த மின்னஞ்சலில் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்பது ஊருக்கே தெரியும், தெரிந்துதான் இங்கே விற்கிறீர்கள். உப்பு படிந்தால் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் இறுகும், ஃபில்டர் வலை அடையும், என்.ஆர்.வி. சரியாக மூடாது. ரப்பரை மூன்று மாதத்தில் கிழிக்காது. கிழிந்ததற்குக் காரணம் ஃபிட்டிங் அன்றே காற்றை அளக்காததுதான் என்று உறுதியாகச் சொல்கிறேன். அளந்து பாருங்கள் என்று அன்றைக்கு நாங்கள் கேட்டதற்குத் தங்கள் ஆள், "கம்பெனியிலேயே அடிச்சு வருது" என்றார். காற்று குறைவாக இருந்தால் பிளாடர் ஒவ்வொரு முறையும் டேங்கின் சுவர் வரை ஊதி, கழுத்துப் பகுதியில் இழுபட்டுக் கிழியும். அளந்து பார்க்கத் தங்கள் கையேடே சொல்கிறது.

ராணிப்பேட்டை விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. டேங்கைக் கழற்றி ராணிப்பேட்டை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். வேலூரிலேயே ஒரு சென்டர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. தங்கள் கம்ப்யூட்டரில் ராணிப்பேட்டை இன்னும் வேலூர் மாவட்டமாகவே இருக்கிறதாம். 2019-லேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது ஐயா. கிழிந்த பிளாடர் வழியாக வெளியேறி டேங்குக்குள் தேங்கிய தண்ணீர் முழுதாக வடியாது. அந்தக் கனத்தோடு, மே மாத வெயிலில், திருவலம் வழியாகப் பஸ்ஸில் தூக்கிப் போனோம். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டேங்க் எங்க வேலை இல்ல, மோட்டார் மட்டும்தான்" என்றார். டேங்க் மேல் ஒட்டியிருப்பது தங்கள் ஸ்டிக்கர்தானே? வால்வு ஊசியை அழுத்திக் காட்டினால், "டேபிளை நனைக்காதீங்க" என்கிறார்! அரை நாள் போனது, ஒரு ரசீதுகூடத் தரவில்லை.

இப்போது பம்பை நிறுத்திவிட்டு, தொட்டித் தண்ணீர் பம்புக்குள் போகாமல் நேராக வர பைபாஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கிறோம். ஷவரில் நூல் போலத் தண்ணீர் வருகிறது. வாஷிங் மெஷின் தண்ணீர் நிரம்பாமல் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் வாளி நிரம்பக் காத்துக்கொண்டிருக்கிறார். இந்த மூன்று மாதத்தில் எங்களுக்குப் பண நஷ்டம், இரண்டு வீட்டுக்கும் நிம்மதி இல்லை.

தங்கள் பொருளை நம்பித்தான் வாங்கினோம், இப்போதும் தயவுசெய்து என்றுதான் கேட்கிறேன். பிளாடரை வாரண்டியில் மாற்றித் தாருங்கள். டேங்கின் வாயை மூடும் தட்டான ஃபிளாஞ்சில் உள்ள ஆறு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முக்கால் மணி நேர வேலை. வேலூர் லாங் பஜாரில் நாங்களே வாங்கிப் போட்டுக்கொள்வோம், ஆனால் வெளி ஆள் கைவைத்தால் வாரண்டி ரத்து என்று தங்கள் அட்டையில் அச்சடித்திருக்கிறீர்கள். கருகிய சுவிட்சுக்கு வேறு சுவிட்ச் வேண்டும். வீணாக வாங்கிய 1,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். "நீங்க என்ன இன்ஜினியரா" என்று கேட்டவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதை விடுவதாக இல்லை.

இக்கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் ஆள் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். காற்று வால்வில் தண்ணீர் வரும் வீடியோவும், கருகிய இரண்டு சுவிட்சுகளும், பில்லும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்.

பி.கு.: வருகிறவர் கையில் டயர் காற்று அளக்கும் கேஜும் ஒரு கைப்பம்பும் கொடுத்தனுப்புங்கள். புது பிளாடரில் தண்ணீர் விடுவதற்கு முன்பு 18 பி.எஸ்.ஐ. வைத்து, அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நாங்களும் கையெழுத்துப் போடுவோம்.