'நோயாளி வலி இருப்பதாகத் தெரிவிக்கவில்லை': மருத்துவமனை டீனுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு,

வணக்கம். வார்டில் அம்மாவின் வலியை யாரும் கவனிக்கவில்லை என்ற என் புகாருக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, நன்றி. கேஸ் ஷீட்டைப் பார்த்து, "நோயாளி வலி இருப்பதாகத் தெரிவிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அம்மா சொல்லவில்லை.

78 வயது. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனுக்காக நான்கு நாள் காத்துக் கிடந்தார். ரவுண்ட்ஸில் டாக்டர் "என்ன பாட்டிம்மா, எப்படி இருக்கீங்க?" என்பார். அம்மா படுத்தபடியே கும்பிட்டு, "நல்லா இருக்கேன் சாமி" என்பார். அடுத்த கட்டில்.

பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்க வேண்டும். முதல் நாள் தூக்கியபோது சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து டம்ளரை நீட்டினால் உதட்டை நனைத்துவிட்டு, "போதும்மா" என்பார். எனக்குப் புரியவே ஒரு நாள் ஆனது: தண்ணீர் குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் தூக்குவார்கள். மூன்றாம் இரவு என்னைச் செத்துப்போன பெரியம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சிஸ்டரிடம் ஓடினேன். "வயசானா அப்படித்தான்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, வார்டு முழுக்க அவர் ஒருவர்தான். ஆனால் அடங்காத வலியும் நீர்ச்சத்துக் குறைவும் வயதானவர்களின் புத்தியைக் குழப்பும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பது ஒன்றுதான். காய்ச்சல், பிரஷர் எழுதும் அதே தாளில் வலியையும் கேட்டு எழுதுங்கள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் அந்தத் தலைமுறை நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லும். புரண்டு படுக்க முடிகிறதா, காலை அசைத்தால் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். பேச முடியாதவர் என்றால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 2011-லேயே வழிகாட்டி வகுத்துவிட்டார்கள்: இடுப்பெலும்பு முறிந்து வந்த உடனே வலியைப் பார், மருந்து கொடுத்து அரை மணிக்குள் மறுபடி பார், அடங்கும்வரை மணிக்கொரு தடவை பார். பாரசிட்டமால் ஆறு மணிக்கொரு முறை, நோயாளி வாய் திறந்து கேட்டாலும் கேட்காவிட்டாலும். போதாவிட்டால் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி இருக்கிறது. கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தை வாங்கி வைப்பதைக்கூட நம் நாட்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தம் எளிதாக்கிவிட்டது.

நம் வார்டு வாசலில் 'அமைதி காக்கவும்' என்று புதுப் பெயின்டில் பளபளக்கிறது. பார்வையாளர்கள் போனில் கத்துகிறார்கள், டிராலிச் சக்கரம் கிறீச்சிடுகிறது. அந்த போர்டுக்கு அடங்கி நடந்தது என் அம்மா ஒருத்திதான். பாராட்டுச் சான்றிதழ் ஏதும் உண்டா?

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். வலியைக் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

புதன்கிழமை அம்மாவைச் செக்கப்புக்கு அழைத்து வருகிறேன். வலிக்கு ஒரு கட்டம் சேர்த்து, மாதிரித் தாள் ஒன்றை நானே கோடு போட்டு எடுத்து வருகிறேன். அதைப் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புகார் சொல்லத் தெரியாத ஒரு நோயாளியின் மகள்